270 ரைஃபிளுக்கு மெதுவாக எரியும் துப்பாக்கி மருந்து: இரண்டு 4831-உம் ஒன்றுதானா?

கதிர், யீஷூன்

எல்லோருக்கும் வணக்கம். என் மனைவியின் அண்ணன் குவீன்ஸ்லாந்தில், டூவூம்பாவுக்கு மேற்கே ஒரு பண்ணையை நிர்வகிக்கிறார். கோதுமையும் சோளமும் விளையும் மண். காட்டுப்பன்றிகள் ஓரிரவு இறங்கினால் ஒரு வயலே போய்விடும் என்பார். அதற்காக முறையான உரிமத்துடன் 270 வின்செஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறார். தோட்டாக்களையும் அவரே தயாரித்துக்கொள்கிறார். சுட்ட பித்தளை உறைகளைச் சேர்த்துவைத்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான ப்ரைமரை மாற்றி, மருந்து நிரப்பி, புது குண்டைப் பொருத்துவதைக் கடந்த விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த ஆண்டு நாங்களும் அங்கே குடிபோகிறோம். பாதுகாப்புப் பயிற்சியை முடித்து உரிமம் வாங்கிய பிறகு நானும் இதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். சிங்கப்பூரில் இதற்கெல்லாம் இடமில்லை என்பது நன்றாகத் தெரியும், ஆகவே கேள்வி முழுக்க அங்குள்ள நிலவரம் பற்றியதுதான்.

அவரிடம் இருப்பது அமெரிக்காவில் அச்சான கையேடு. 270-க்கு எச்4831எஸ்சி என்ற மருந்தை அது பரிந்துரைக்கிறது. டூவூம்பா கடையில் அந்தப் பெயரில் டப்பாவே இல்லை. கடைக்காரர் ஏஆர்2213எஸ்சி என்ற டப்பாவை எடுத்துக்கொடுத்து, "இதுதான் அது" என்கிறார். இதற்கிடையில், பக்கத்துப் பண்ணைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது ஐஎம்ஆர் 4831 என்று எழுதிய பாதி டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எண் ஒன்றாகத்தானே இருக்கிறது, முதலில் இதைத் தீர்த்துவிடுவோம் என்கிறார் மச்சான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று. 'மெதுவாக எரியும் மருந்து' என்கிறார்கள். குண்டு வேகமாகப் போக வேண்டுமென்றால் மருந்தும் வேகமாக எரிவதுதானே நல்லது? அவர் பயன்படுத்துவது 130 கிரெய்ன் எடையுள்ள குண்டு, சில சமயம் 150. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாசிர் லாபா பழையவர்

தம்பி, மருந்து பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே ஒருவர் இருக்கிறார், அவர் வருவார். அதற்குமுன் ஒரு வார்த்தை. விடுமுறைக்குப் போய்வரும்போது நினைவுப்பொருள் என்று ஒரு வெற்று உறையைக்கூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தேசிய சேவையில் ஒவ்வொரு முறை ரேஞ்சிலிருந்து புறப்படும்போதும் என்ன உறுதி சொன்னோம்? தோட்டா இல்லை, உறை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தானே வண்டி ஏறினோம். ஓர் உறை குறைந்தால் மொத்தப் படையும் புல்லில் மண்டியிட்டுத் தேடும். சாங்கியிலும் அதே கண்டிப்புதான். காவல்துறை அனுமதியில்லாமல் தோட்டாவோ அதன் பாகமோ மருந்தோ இந்த மண்ணுக்குள் வரக்கூடாது. பயணியின் பெட்டியில் மருந்து விமானம் ஏறவே கூடாது.

உங்கள் கேள்வியோடு தொடர்புள்ள ஒரு வரலாறும் உண்டு. நாங்கள் பிடித்த எம்16 ரைஃபிள் அமெரிக்கப் படைக்கு முதன்முதலாக வந்தபோது, அதன் தோட்டாவில் இருந்தது குச்சிக் குருணை மருந்து. 1964-இல் அதை மாற்றி உருண்டைக் குருணை மருந்து நிரப்பினார்கள். அதே உறை, அதே குண்டு, குண்டின் வேகமும் ஏறத்தாழ அதேதான். ஆனால் துப்பாக்கி சுடும் வேகம் கூடியது, உள்ளே கசடும் படிந்தது. வியட்நாமில் ரைஃபிள் அடைத்துக்கொண்டு வீரர்கள் தவித்ததற்கு இதுவும் ஒரு காரணம், தோட்டா அமரும் அறையில் க்ரோம் பூச்சு இல்லாததும் சுத்தம் செய்யும் கருவிகள் கொடுக்காததும் மற்றவை. மருந்தை மாற்றினால் துப்பாக்கியே வேறாகிவிடும் என்று ஆயுதக்கிடங்கில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அருவங்காட்டான்

கதிர், உங்கள் மனம் ஒப்பாதது சரி. அந்த ஐஎம்ஆர் டப்பாவை இப்போதைக்கு மூடி தனியே வைக்கச் சொல்லுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் பிறந்தது நீலகிரியில், கார்டைட் என்ற துப்பாக்கி மருந்து செய்த அருவங்காடு தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா அங்கே வேலை பார்த்தார். பிறகு வேதிப்பொறியியல் படித்து ஜூரோங்கில் வேலை, அங்கிருந்து நியூ சவுத் வேல்சில் பல ஆண்டுகள். அந்த ஆண்டுகளில்தான் மான் வேட்டைக்காகத் தோட்டாவுக்கு மருந்து கெட்டிக்கப் பழகினேன். இப்போது உட்லண்ட்சில் ஓய்வாக இருக்கிறேன். கருவிகளையெல்லாம் அங்கேயே நண்பரிடம் விட்டுவிட்டேன், ஆர்வத்தை விட முடியவில்லை.

முதலில் 'மெதுவு'. எந்த ரைஃபிள் மருந்தும் ஆயிரத்தில் ஒரு வினாடி அளவில் எரிந்து முடிந்துவிடும். வேகமான மருந்து, மெதுவான மருந்து என்பதெல்லாம் அந்தக் கணத்துக்குள் நடக்கும் பேச்சு. குண்டு உறையின் வாயிலேயே உட்கார்ந்திருக்கும்போது அதன் பின்னால் இருக்கும் இடம் மிகக் குறைவு. வேகமான மருந்து அந்தச் சின்ன இடத்துக்குள் வாயுவைக் கொட்டி, குண்டு கொஞ்ச தூரம் நகர்வதற்குள் அழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய்விடும். குண்டு குழாயில் முன்னேறும்போது தள்ளுவதற்கு மருந்து மிச்சம் இருக்காது. மெதுவான மருந்தோ, குண்டு முன்னே போகப் போக விரிகிற இடத்தை நிரப்பிக்கொண்டே வரும். துப்பாக்கி தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான். 270 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு 65,000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு. அந்தக் கூரையைத் தாண்டாமல் குண்டை அதிக நேரம் தள்ளுவது எது என்பதுதான் கேள்வி. பெரிய உறை, குறுகலான குழாய், கனமான குண்டு என்று வந்துவிட்டால் பதில் எப்போதும் மெதுவான மருந்துதான்.

270-இன் பிறப்பைப் பார்த்தாலே இது விளங்கும். 1925-இல் வெளியான இந்தத் தோட்டா, 30-06 என்ற முந்தைய தோட்டாவின் உறைக் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. 30-06-இன் குண்டு விட்டம் 0.308 அங்குலம், 270-இன் குண்டு 0.277 அங்குலம். வயிறு அதே, வாய் சிறியது. அதனால் 30-06-க்கு இதமாக இருக்கும் பல மருந்துகள் 270-இல் அவசரக்காரர்களாகிவிடும்.

இந்த வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய கரிமருந்தில் பெரும்பாலும் கலவையும் குருணை அளவும்தான் கையில் இருந்தன. 1884-இல் பிரான்சில் பால் வியேல் நைட்ரோசெல்லுலோசைப் பிசைந்து தகடாக்கி நறுக்கியபோதுதான், புகையில்லா மருந்தின் வடிவத்தை வைத்தே எரிதலை ஆளலாம் என்ற கதவு திறந்தது. 1889-இல் ஏபலும் டியூவரும் செய்த கார்டைட்டை இடியாப்பம் பிழிவதுபோல அச்சில் பிழிந்து எடுத்தார்கள். முதல் வகையில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. அந்தச் சூட்டில் குழாய்கள் சீக்கிரம் அரித்துப்போனதால், பின்னால் வந்த வகையில் அதை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். எங்கள் குடியிருப்பில் பெரியவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டது இதைத்தான், சிறுவயதில் பாதி புரியாமல் கேட்டிருக்கிறேன்.

இன்று நீங்கள் கையில் எடுக்கும் குச்சிக் குருணையை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். நடுவில் ஊசிமுனையளவு துளை ஒன்று நீளவாக்கில் ஓடும். எரியும்போது வெளிப்பரப்பு சுருங்கும், அதே நேரம் துளையின் உள்பரப்பு விரியும். ஆகவே வாயு வருவது அநேகமாகச் சீராக இருக்கும். அதற்கும் மேலாக, குருணையின் தோலில் எரிவதைத் தணிக்கும் ஒரு வேதிப்பொருள் ஊறியிருக்கும். தொடக்கத்தில் அடக்கமாக எரிந்து, தோல் கழிந்தபின் சூடுபிடிப்பது அதனால்தான். கருஞ்சாம்பல் மினுமினுப்பு கிராஃபைட் பூச்சு. குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடவும், நிலைமின் பொறி சேராமல் இருக்கவும் அது உதவும்.

இனி அந்த எண் விவகாரம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அரசிடம் மலைமலையாக மருந்து மிஞ்சியது. கான்சாசைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதை மொத்தமாக வாங்கி, வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்குச் சில்லறையில் விற்றார். அதில் ஒன்று 20 மில்லிமீட்டர் ஓர்லிகான் பீரங்கிக்காகச் செய்த மருந்து. அதுதான் 4831. அவ்வளவு மெதுவான மருந்து அதற்குமுன் சாதாரண வேட்டைக்காரர் கைக்குக் கிடைத்ததில்லை. 270 புகழ்பெற்றதில் அந்த மலிவான மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு. கையிருப்பு கரைந்தபோது 1970-களில் டூபாண்ட் நிறுவனம் ஐஎம்ஆர் 4831 என்று ஒன்றை வெளியிட்டது. ஹாட்ஜ்டன் தன் பங்குக்குப் புதிதாகச் செய்வித்தது எச்4831. எண் ஒன்று, மருந்து வேறு. ஐஎம்ஆர் 4831 தெளிவாக வேகமானது. எச்4831-க்கு அச்சிட்ட உச்ச அளவை ஐஎம்ஆர் 4831-இல் நிரப்பினால் அழுத்தம் வரம்பைத் தாண்டிவிடும். 2003-இல் ஐஎம்ஆர் நிறுவனத்தையே ஹாட்ஜ்டன் வாங்கிவிட்டது. ஒரே வீட்டுப் பெயரோடு இரண்டு 4831 என்றால் குழப்பம் கூடத்தானே செய்யும். எண்ணை மட்டும் படிக்காமல், முன்னால் இருக்கும் எழுத்துகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடைக்காரர் சொன்னது உண்மை. எச்4831-ஐ ஹாட்ஜ்டன் தானே செய்வதில்லை. நியூ சவுத் வேல்சில் மல்வாலா என்ற ஊரில், ஏடிஐ முத்திரை மருந்துகளைச் செய்யும் ஆலையில் செய்து, அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய் ஹாட்ஜ்டன் முத்திரை வாங்குகிறது. ஆஸ்திரேலியாவில் அதே மருந்து ஏஆர் எண்ணோடு விற்கிறது. எச்4895 அங்கே ஏஆர்2206எச். ஹாட்ஜ்டனின் வார்கெட் என்பது ஏஆர்2208. எச்4350 ஏஆர்2209, எச்4831 ஏஆர்2213, எச்1000 ஏஆர்2217. இந்த வரிசையே வேகத்திலிருந்து மெதுவுக்கு இறங்கும் வரிசைதான். இந்த இணைப்பட்டியலை ஏடிஐ தரப்பே வெளியிடுகிறது, மச்சான் அதை அச்செடுத்து மேசைமேல் ஒட்டிவைக்கட்டும். மற்றவர்கள் தொகுத்த எரிவேகப் பட்டியல்களை அளவுகோலாக எடுக்காதீர்கள். அவை எது முன், எது பின் என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. பட்டியலுக்குப் பட்டியல் இடமும் மாறும்.

என் தேர்வைக் கேட்டால், 270-க்கு ஏஆர்2213எஸ்சி. தயக்கமே வேண்டாம். 130-க்கும் 150-க்கும் ஒரே டப்பா போதும். ஏஆர்2209 லேசான குண்டுகளுக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் குண்டு கனக்கக் கனக்க 2213 முந்திக்கொள்ளும். ஏஆர்2217 இந்த உறைக்கு அளவுக்கு மீறிய மெது. உறை வாய்வரை நிரம்பினாலும் வேண்டிய அழுத்தம் வராமல் போகலாம். 300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய வயிற்றுக்காரர்களுக்கு அதை விட்டுவிடுங்கள்.

எஸ்சி என்ற இரண்டு எழுத்து குருணையைக் குட்டையாக நறுக்கியிருக்கிறார்கள் என்பதைக் காட்டும். பழைய நீளக் குருணையை அளவுக்கருவியில் ஊற்றிக் கைப்பிடியைத் திருப்பினால் 'நறுக்' என்று ஒரு தடை கையில் தட்டும், உருளையின் விளிம்பில் குருணை வெட்டுப்படும் சத்தம் அது. அப்படி வெட்டுப்படும் ஒவ்வொரு முறையும் விழும் அளவு கொஞ்சம் மாறும். குட்டைக் குருணை வழுக்கிக்கொண்டு இறங்கும். மற்றபடி 2213-உம் 2213எஸ்சி-யும் ஒரே மருந்து, கையேட்டு அளவும் ஒன்றே.

தெம்பனீஸ் மீனா

நான் கல்லூரி நாள்களில் 50 மீட்டர் ரைஃபிள் சுட்டவள். எங்கள் தோட்டா 22 ரிம்ஃபயர், தனி ப்ரைமர் இல்லாத சின்னத் தோட்டா, அதை யாரும் மீண்டும் நிரப்ப முடியாது. தயாரிப்புத் தொகுதி எண்ணைப் பார்த்து, நம் துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் தொகுதியை வாங்கி வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். ஐயாவிடம் ஒரு கேள்வி: மருந்திலும் அப்படித் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு உண்டா? வெயிலால் மாறுமா? டூவூம்பா மலைமேல் இருப்பதால் குளிர்காலத்தில் காலை நடுங்கும் என்று அங்கே படித்த தோழி சொல்வாள், மேற்கே இறங்கினால் கோடையில் 40 பாகை.

கதிர், யீஷூன்

அருவங்காட்டு ஐயாவுக்கு மிக்க நன்றி. இரண்டு முறை படித்துவிட்டு மச்சானுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஐஎம்ஆர் டப்பா அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. ஆனால் அவர் விடவில்லை. "கையேட்டில் ஐஎம்ஆர் 4831-க்கும் தனியே அளவு போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து நிரப்பினால் என்ன? அல்லது பாதிக்குப் பாதி கலந்து, அளவைக் குறைத்துப் போட்டால் ஆபத்தில்லையே?" என்கிறார். அவருடைய ரைஃபிள் குழாயும் 22 அங்குலம்தான். குட்டைக் குழாய்க்கு வேகமான மருந்துதான் பொருந்தும் என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அருவங்காட்டான்

கலக்கவே கூடாது, கதிர். இதை அவரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு மருந்தைக் கலந்தால் அது மூன்றாவது மருந்து. அதற்கு உலகத்தில் எந்தக் கையேட்டிலும் அளவு கிடையாது. டப்பாவைக் குலுக்கினால் குருணைகள் பிரிந்து, மேலே ஒரு கலவையும் கீழே ஒரு கலவையுமாக நிற்கும்.

குறைத்துப் போட்டால் பத்திரம் என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது, பலர் இதை நம்புகிறார்கள். மெதுவான மருந்தைப் பெரிய உறையில் மிகக் குறைவாகப் போட்டால், அது உறையின் அடியில் படுத்துக்கிடக்கும், மேலே வெறும் காற்று. அப்படிப்பட்ட நேரங்களில் அழுத்தம் திடீரென்று எகிறித் துப்பாக்கி சிதைந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் மருந்து நிறுவனங்கள் தொடக்க அளவு என்று ஒன்றை அச்சிட்டு, அதற்குக் கீழே போகாதீர்கள் என்கின்றன. உச்சத்துக்கு மேலும் கூடாது, தொடக்கத்துக்குக் கீழும் கூடாது. மெதுவான மருந்தின் பெரிய நன்மையே அது உறையைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடுவதுதான். தவறிப்போய் இரண்டு முறை ஊற்றினால் வாயில் வழிந்து கண்ணில் பட்டுவிடும். சிறிய அளவு போதும் என்கிற வேகமான மருந்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஐஎம்ஆர் 4831-க்குக் கையேட்டில் அளவு இருப்பது உண்மை, சீல் பிரிக்காத டப்பாவாக இருந்தால் நானும் சரி என்பேன். அடுத்தவர் திறந்து, பாதி தீர்ந்த டப்பாவில் உள்ளே இருப்பது வெளியே எழுதியிருப்பதுதான் என்று யார் உறுதி கூறுவது? மேசையில் இரண்டு டப்பா திறந்திருக்கும்போது மிச்சத்தைத் தவறான டப்பாவில் கொட்டுவது எவருக்கும் நடக்கக்கூடியது. குருணையைப் பார்த்து இன்ன மருந்து என்று எந்த நிபுணரும் சொல்ல முடியாது, எல்லாம் கருஞ்சாம்பல் குச்சிதான். மருந்து கெட்டுப்போனால் காடிபோல மூக்கைத் துளைக்கும் நெடி வரும், மூடியைத் திறந்தால் செம்பழுப்புப் புகையும் தெரியலாம். நெடி இல்லை என்பதால் அது ஐஎம்ஆர் 4831 என்று ஆகிவிடாது. கடைக்காரரிடமோ நகராட்சியிடமோ கேட்டு முறைப்படி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு டப்பா மருந்தின் விலை ஒரு கண்ணின் விலை அல்ல.

குழாய் நீளம் பற்றிக் கடையில் கேட்டது பரவலான நம்பிக்கை. நீளக் குழாயில் அதிக வேகம் தரும் மருந்தே பெரும்பாலும் குட்டைக் குழாயிலும் அதிக வேகம் தரும். வாயில் தீப்பிழம்பும் சத்தமும் கூடுதலாக இருக்கும், குழாய் குட்டையாவதால் வேகம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவே. 22 அங்குலம் 270-க்கு வழக்கமான நீளம்தான்.

மீனா, நல்ல கேள்வி. தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு உண்டு. ஆகவே புது டப்பா வாங்கினால், பழைய டப்பாவில் உச்சத்தை ஒட்டி நிறுத்தியிருந்த அளவைக் கொஞ்சம் பின்வாங்கி மறுபடி ஏறிவர வேண்டும். வெயிலால் எல்லா மருந்தும் மாறும், சில அதிகமாக, சில குறைவாக. சூட்டில் மருந்து விரைந்து எரிந்து அழுத்தம் கூடும். மல்வாலாவில் செய்யும் இந்தக் குச்சி மருந்துகள் தட்பவெப்பத்துக்கு அதிகம் அசையாதவை என்று பெயரெடுத்தவை. பனிக்காலையில் சரிபார்த்த ரைஃபிள் டிசம்பர் வெயிலிலும் ஏறக்குறைய அதே இடத்தில் அடிக்கும். மேற்கு குவீன்ஸ்லாந்துக்கு நான் ஏஆர் டப்பாவைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். அப்படியிருந்தும் தோட்டாப் பெட்டியை வண்டியின் கண்ணாடிக்கடியில் வெயிலில் வைக்கக்கூடாது.

கதிர், நீங்கள் கற்கத் தொடங்கும்போது பார்க்க வேண்டியவை சில. கையேட்டில் உங்கள் குண்டின் எடையும் வகையும் மருந்தின் முழுப்பெயரும் ஒரே வரியில் இருக்க வேண்டும். தொடக்க அளவில் சில தோட்டா, பிறகு சிறுசிறு படியாக ஏற்றம். ஒவ்வொரு படியிலும் உறையின் அடியைப் பாருங்கள். ப்ரைமரின் விளிம்பு தட்டையாகிப் பள்ளத்தோடு ஒட்டிப்போவது, பித்தளையில் பளபளப்பான வட்டத் தழும்பு பதிவது, தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட்டின் கைப்பிடி இறுகி மேலெழ மறுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திப் பின்வாங்க வேண்டும், கையேட்டின் உச்சம் இன்னும் தொலைவில் இருந்தாலும் சரி.

தராசைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். நமக்கு வேண்டிய துல்லியம் அதில் பத்தில் ஒரு பங்கு. சமையலறைத் தராசு இதற்கு உதவாது, தோட்டா நிரப்புவதற்கென்றே விற்கும் தராசு வேண்டும். மேலே மின்விசிறி சுழன்றால் தட்டு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், எண் நிலைக்காது. மருந்து அளக்கும் நேரத்தில் விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிடுங்கள், குவீன்ஸ்லாந்து கோடையானாலும் சரி. வேர்த்தால் வேர்க்கட்டும்.

கதிர், யீஷூன்

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். அந்தப் பாதி டப்பாவைச் சனிக்கிழமை கடைக்குக் கொண்டுபோகிறாராம். ப்ரைமர் ஒன்றுதான் மீதிச் சந்தேகம்: மேக்னம் ப்ரைமர் போட வேண்டுமா, சாதாரணமானதா?

அருவங்காட்டான்

270-இல் குச்சிக் குருணை மருந்துக்குச் சாதாரண பெரிய ரைஃபிள் ப்ரைமரே போதும். எளிதில் தீப்பிடிக்காத உருண்டைக் குருணை மருந்துக்கும் மேக்னம் உறைகளுக்கும்தான் மேக்னம் ப்ரைமர். இதிலும் கையேட்டின் அந்த வரியில் எந்த ப்ரைமர் எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ப்ரைமரை மாற்றினால் மீண்டும் தொடக்க அளவிலிருந்து வர வேண்டும். பன்றிக்கு 130 கிரெய்ன் குண்டு தாராளம். 150-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.